சான்றிதழுக்கு ஒரு சுவர்

பாசிக்குடாவில் நான் பராமரிப்பு மேற்பார்வை பார்க்கும் ஹோட்டல், கடற்காற்றை நம்பிக் கட்டிய பசுமைக் கட்டடம். வரவேற்புக் கூடத்தில் மூன்று பக்கமும் யன்னல், நாலாவது பக்கம் வாசல். இப்படியான கட்டடத்தை நடத்தத் தெரிந்தவள் என்று எனக்குச் சான்றிதழ் கிடைத்ததும், முகாமையாளர் அதற்குப் பெரிய கண்ணாடிச் சட்டம் போட்டுக்கொண்டு வந்தார். மாட்டத்தான் சுவரில்லை.

"கடல் பக்க யன்னல் ஒண்டைப் பலகை அடிச்சு மூடுவம், தங்கச்சி. வாற ஆக்களுக்கு முன்னுக்கே தெரியட்டும்," என்றார்.

சோதனைக்கு நான் விழுந்து விழுந்து படித்ததே அந்த மாதிரி யன்னலைப் பற்றித்தான். ஆனால் சட்டத்துக்குள் என் பெயர் தங்க எழுத்தில் மின்னியது. ஓம் என்றுவிட்டேன்.

காற்று குறைந்ததும் கூடம் புழுங்கியது. ஒரு மின்விசிறி வந்தது. வெளிச்சமும் குறைந்ததால் சட்டத்துக்கு மேலே ஒரு மின்குமிழ் வந்தது. அது பகலிலும் எரிகிறது.

அடுத்த மாதம் சான்றிதழைப் புதுப்பிக்கப் பரிசோதகர் வருகிறார். இந்த யன்னலை மூடியது யார் என்று கேட்டால் முகாமையாளரைக் காட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த இடத்தில் விளக்குப் போட்டு மாட்டியிருப்பது என் பெயரை.