அக்காவின் முட்டி வலி

அக்கா பூட்டோடு பேசிக்கொண்டிருந்தார். “அடம் பிடிக்காதடா கண்ணு, யாரும் உன்னை ஒண்ணும் செய்யப் போறதில்ல.” கம்பியை உள்ளே விட்டு மெல்லத் திருப்ப, அதுவும் சொன்ன பேச்சுக் கேட்டதுபோல் திறந்துகொண்டது. பூட்டுகளிடம் கொஞ்சலும் சாவியைத் தொலைத்துவிட்டு வருகிறவர்களிடம் அதட்டலுமாகத்தான் அந்தக் கடை நடக்கிறது. தெருவே அவரைச் சாவி அக்கா என்கிறது. ஐம்பதைத் தாண்டியவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மேசையெல்லாம் தேடுவார், சுட்டிக்காட்டினால், “அங்கதான் இருக்கும்னு எனக்குத் தெரியாதா?” என்பார்.

அவர் எதிலும் தோற்றதாக ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. அதனால்தான், தம்பியோடு கடல் பார்க்க சைக்கிளில் கிளம்பியவர் முட்டி வலியால் பாதி வழியில் திரும்பிவிட்டார் என்று கேள்விப்பட்டபோது நம்ப முடியவில்லை. மாற்றுச் சாவி செய்யப் போன சாக்கில் கேட்டுவிட்டேன். எட்டி வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

பயணம் தம்பியின் ஆசை. பஸ் ஓட்டுநர் அவர். போன மழைக்காலத்தில் நுரையீரலில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைத்து வந்ததே பெரிய விஷயம். உடம்பு தேறியதும், கடல் வரைக்கும் மிதித்தே போகிறேன் என்று டிப்போ முழுக்கச் சொல்லி வைத்துவிட்டார். தனியே அனுப்ப மனமில்லாமல் அக்காவும் ஒரு சைக்கிளை வாங்கிக்கொண்டு பின்னாலேயே கிளம்பினார்.

மலைப்பாதை ஏறும்போது காட்டுத்தீயின் புகை இறங்கியது. முதலில் கருகல் வாசனை மட்டும்தான். போகப்போக, பகலிலேயே லாரிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு எதிரே வந்தன. தம்பி முகத்தில் துணியைக் கட்டி இருமலை அதற்குள்ளேயே அடக்கினார். திரும்பிவிடலாம் என்று அக்கா சொன்னதற்கு, டிப்போவில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிற்பது என்று கேட்டாராம்.

“அவனுக்கு மூச்சு விசிலடிக்குது. சொன்னா கேக்கிற ஜென்மமா? சைக்கிளைச் சாய்ச்சுப் போட்டுட்டு ரோட்டோரமா உக்காந்துட்டேன். முட்டி போச்சுடா, இனி ஒரு மிதிகூட மிதிக்க முடியாதுன்னு ஒரே புலம்பல். எனக்கே நெசமா வலிக்கிற மாதிரி ஆயிடுச்சு.”

இந்த வயசில் உனக்கெல்லாம் எதற்கு சைக்கிள் என்று தம்பி திட்டித் தீர்த்தார். திட்டிக்கொண்டே கையைக் காட்டி, மலையிறங்கிய ஒரு காய்கறி லாரியை நிறுத்தினார். அடிவாரத்தில் காற்று தெளிந்ததும் அக்காவின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். அந்த விசில் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்குவதைக் கேட்டபடியே அக்கா வந்தார். சாயங்காலம் தீ அந்தப் பாதைக்கே வந்துவிட்டது என்று மறுநாள் செய்தியில் சொன்னார்கள்.

அக்காவுக்கு முடியவில்லை, இல்லாவிட்டால் கடலையே தொட்டிருப்போம் என்று தம்பி இப்போது டிப்போவில் சொல்லிக்கொண்டிருக்கிறார். கடைக்கு வருகிறவர்களும் சும்மா விடுவதில்லை. “சொல்லட்டுமே. சொல்றதுக்கு அவன் இருக்கானே, அது போதும்” என்றார் அக்கா.

பேசிக்கொண்டே முக்காலி மேல் ஏறி, நுனிக்காலில் நின்று, மேல்தட்டிலிருந்த சாவிப் பெட்டியை எட்டினார். அப்போதுதான் தம்பி வாசலுக்கு வந்தார். நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். ஓசைப்படாமல் பின்வாங்கி, வெளியே நிறுத்தியிருந்த சைக்கிளின் மணியை நீளமாக அடித்தார்.

அக்கா சட்டென்று குதித்து இறங்கி, நாற்காலியில் உட்கார்ந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டார்.