பொட்டில் வைத்த கூழ்ப்பானை

காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழை ஆறவிட்டுக் குடிக்க முடியாது. ஆறினால் இறுகும், இறுகினால் களி, களியானால் ஆடும் மணந்து பார்த்துவிட்டுப் போய்விடும். இது என் கணவருக்கும் தெரியும், அத்தானுக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் இரண்டு பேரும் அன்றைக்கு ஆளுக்கொரு வீட்டில் அசையாமல் இருந்தார்கள். நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். கோப்பாயில் எங்கள் இருவருக்கும் சீதனமாய்க் கிடைத்த காணிகள் அடுத்தடுத்து இருந்தன. நடுவில் ஒரு கிடுகு வேலி. கிணற்றடிக்குக் கிட்ட அந்த வேலியில் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு பொட்டு. உப்பு, நெருப்பு, அரைத்த கூட்டு, அழுகை எல்லாம் அந்தப் பொட்டால்தான் போய்வரும். பொட்டுக்குப் பக்கத்தில், அக்காவின் காணிக்குள், ஒரு பிலாமரம் நின்றது. சனியன் பிடித்ததே அந்த மரத்தில்தான்.

அதன் ஒரு கொப்பு எங்கள் பக்கம் சரிந்து வெங்காயத் தறைக்கு நிழல் போட்டது. இவர் ஒரு நாள் கத்தியை எடுத்து வெட்டிவிட்டார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அத்தானின் ஆடுகளோ அந்தக் கொப்பின் குழையைத் தின்றுதான் வளர்ந்தவை. அத்தான் வேலியடிக்கு வந்து, "ஒரு சொல்லுக் கேட்டிருந்தா நானே வெட்டித் தந்திருப்பன்தானே" என்றார். நியாயமான கதை. அதற்கு இவர், "என்ரை காணிக்கு மேலை நிண்ட கொப்புக்கு ஆரிட்டைக் கேக்கிறது?" என்றார். அவ்வளவுதான். மாதக்கணக்காய் முகம் பார்க்கவில்லை. ரோட்டில் சைக்கிளில் எதிரெதிரே வந்தால் ஒருவர் வானத்தைப் பார்ப்பார், மற்றவர் செயினைப் பார்ப்பார்.

நானும் அக்காவும் வழக்கம்போலப் பொட்டால் போய்வந்துகொண்டிருந்தோம். ஆம்பிளைகளின் கோபம் தானாக ஆறட்டும் என்று விட்டோம். அதற்குள் கனடாவில் இருந்த அக்காவின் மகன் தாய் தகப்பனைக் கூப்பிட்டுவிட்டான். பொங்கல் முடிந்த கையோடு கிளாலியில் வள்ளம் ஏறிக் கொழும்புக்குப் போவது, அங்கிருந்து கனடா என்று முடிவாகியது. சண்டையால் தரைப்பாதை பூட்டிக் கிடந்த அந்த நாள்களில் அப்படிப் போகிறவர்களிடம் எப்போது வருவீர்கள் என்று யாரும் கேட்பதில்லை.

எனக்கு ஒரே ஒரு ஆசை. போக முதல் இந்த இரண்டு பேரும் ஒரு பானையைச் சுற்றி இருந்து ஒருதரம் கூழ் குடிக்க வேண்டும். மனதில் கறளோடு பிரிந்துபோனால் பிறகு எந்தக் காலத்தில், எந்த ஊரில் தீர்ப்பது? மார்கழி மழைக்குள் கூழ் காய்ச்சுவது எங்கள் வீட்டில்தான் வழக்கம். திருவெம்பா முடிய வேண்டும், வெள்ளி செவ்வாய் விலக வேண்டும், அதற்குப் பிறகு பொங்கலுக்கு இடையில் தப்பும் ஒன்றிரண்டு நாள்கள்தான் மீன் நண்டு போட்டு மச்சம் காய்ச்சத் தோது. அந்த வருடம் அதுவும் ஒரு நாளாய்ச் சுருங்கிவிட்டது.

அக்காவிடம் சொன்னேன். "எடி, அவருக்கும் ஆசைதான்" என்றா அக்கா. "ஆனா உன்ரை மனிசன் வந்து கூப்பிடவேணும். அதுவும் பொட்டாலை இல்லை. படலையாலை வந்து."

எங்கள் பக்கத்தில் பொட்டால் வந்து சொன்னால் அது வெறும் கதை. ரோட்டால் சுற்றிப்போய், வாசல் படலையைத் திறந்து, முற்றத்தில் நின்று சொன்னால்தான் அழைப்பு. சரி, பெரிய தூரமா? ஒரு ஒழுங்கை, சின்னத் தெரு, திரும்ப வேண்டும். இவரிடம் போய்ச் சொன்னேன்.

"கூழுக்கும் ஆரும் படலையாலை போய்ச் சொல்லுறதே?" என்று எகிறினார். "இத்தினை மார்கழியும் கூழ் மணத்துக்குத்தானே வந்தவர்? இப்ப மட்டும் நான் சால்வையும் போட்டுக்கொண்டு போகவேணுமோ?"

அதுவும் மெய்தான். ஒரே வளவுக்காரர் போல இருந்தவர்களுக்குக் கூழுக்கு அழைப்பு என்ன அழைப்பு? இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் எனக்கு விசரைக் கிளப்பியது. ஒருவர் பிழையென்றால் அவரைப் பிடித்து உலுப்பலாம். இரண்டு பேரும் சரியென்றால் நான் எந்தச் சுவரில் போய் முட்டுவது?

காய்ச்சுவது என்று முடிவெடுத்தேன். மணம் போனால் மனம் இளகும் என்று ஒரு நப்பாசை. சண்டையால் காங்கேசன்துறைப் பக்கத்துக் கடலை மூடியபிறகு நல்ல மீனைக் கண்ணால் காண்பதே அரிது. சைக்கிளில் வந்த மீன்காரரை மறித்து, பரவைக்கடல் இறாலும் கொஞ்ச நண்டும், முள்ளுத்தான் மிச்சம் என்று சொல்லக்கூடிய சின்ன மீனும் வாங்கினேன். ஒடியல் மாவைக் காலையிலேயே ஊறப்போட்டுக் கசப்புத் தண்ணீரை வடித்தேன். பயிற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு, மண்ணில் புதைத்து வைத்திருந்த பலாக்கொட்டை, ஒரு பிடி முருங்கையிலை. எல்லாம் ஆயத்தம், விறகு மட்டும் ஈரம். பனைமட்டை புகைந்த புகையில் கண்ணும் மூக்கும் ஓடியது. இதுக்குள்ளே இவர் வந்து எட்டிப் பார்த்து, "புளி விட்டாச்சோ?" என்று கேட்கிறார். வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

பொழுதுபட முதல் கூழ் இறக்கியாகிவிட்டது. விறாந்தையில் பாயைப் போட்டு நடுவில் பானையை வைத்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது, வாடைக்காற்று எலும்புக்குள் போனது. இவர் குளித்து, திருநீறு பூசி, நல்ல வேட்டி கட்டிக்கொண்டு வந்து பாயில் இருந்து படலையையே பார்த்துக்கொண்டிருந்தார். வரவேண்டும் என்ற ஆசை இல்லாமலா இந்தக் கோலம்?

நான் பொட்டடிக்கு ஓடினேன். அக்கா அங்கே நின்றா.

"அத்தான் எங்கை?"

"சேட்டும் போட்டு, தலையும் இழுத்து, கதிரையிலை இருக்கிறார். படலையையே பாத்துக்கொண்டிருக்கிறார். கூப்பிட்டா வருவார்."

கேட்டீர்களா கூத்தை! இங்கே ஒருவர் வெளிக்கிட்டுப் படலையைப் பார்க்கிறார், அங்கே ஒருவர் வெளிக்கிட்டுப் படலையைப் பார்க்கிறார். நடுவில் என் கூழ் இறுகுகிறது. சுடுதண்ணீர் விட்டுக் கலக்கினேன். கொஞ்சத்தில் திரும்ப இறுகியது. திரும்ப விட்டேன். இன்னும் தண்ணீர் விட்டால் அது கூழில்லை, மீன் கழுவின தண்ணீர். அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை.

"இஞ்சாருங்கோ, எழும்புங்கோ! பானையைத் தூக்குங்கோ!"

"எங்கை?"

"பொட்டடிக்கு. நீங்கள் உங்கடை காணியை விட்டு ஒரு அடி வைக்கவேண்டாம். அவரும் தன்ரை காணியை விட்டு ஒரு அடி வைக்கவேண்டாம். பானை நடுவிலை இருக்கட்டும். பானைக்கு மானம் ரோசம் ஒண்டும் இல்லை."

என் முகத்தைப் பார்த்தவர் மறுபேச்சில்லாமல் தூக்கினார். நான் வேலிக்கு மேலால் கத்தினேன். "அக்கா! அத்தானைப் பலகையோடை பொட்டடிக்கு வரச்சொல்லு!"

"கூப்பிட்டாச்சோ?"

"ஆரையும் ஆரும் கூப்பிடேல்லை! வந்து குந்தச்சொல்லு!"

வந்தார். பொட்டுக்கு நடுவில் பானை. இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் அத்தான். பக்கத்தில் ஜாம் போத்தல் விளக்கு. பிலாமரத்திலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாய் இரண்டு தலையிலும் பாகுபாடில்லாமல் விழுந்தது. அக்கா பிலாவிலைகளைக் கோலி, ஈர்க்குக் குத்தி எல்லோருக்கும் தந்தா. நான் சிரட்டைகளில் வார்த்தேன். உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

அத்தான் அக்காவிடம் சொன்னார். "உறைப்புக் காணாதெண்டு சொல்லும்."

இவர் என்னிடம் சொன்னார். "உறைப்பெல்லாம் காணும் எண்டு சொல்லும்."

காய்ச்சினவள் நான், வழக்குப் பேசுகிறவர்கள் இவர்கள். அகப்பையால் இரண்டு பேரின் மண்டையிலும் ஒவ்வொன்று போடலாம் போல் இருந்தது.

இரண்டாம் சிரட்டை முடிந்தபோது அத்தான் அண்ணாந்து மரத்தைப் பார்த்தார். "மற்றக் கொப்பும் தறைக்கு நிழல்தான். நாங்கள் போனாப் பிறகு அதையும் வெட்டச் சொல்லும்" என்றார்.

இவர் இலையைக் கீழே வைத்தார். பானைக்குள் என்னத்தைக் கண்டாரோ, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நேரே நிமிர்ந்து, "ஆடுகளை என்ன செய்யிறதா உத்தேசம், அண்ணை?" என்றார்.

அந்த 'அண்ணை'யைக் கேட்டதும் அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டா.

"நீர் இருக்கிறீர்தானே" என்றார் அத்தான்.

அவ்வளவே. இந்த இரண்டு வசனத்தைக் கதைக்கத்தானா இத்தனை மாதம் எங்களைப் போட்டு வறுத்தார்கள்? எனக்குச் சந்தோசம் வந்தது, அதற்கு முதல் எரிச்சல் வந்தது. எழும்பிக் கை கழுவின அத்தான், திரும்பி நின்று இவரைப் பார்த்தார்.

"எண்டாலும் தம்பி, ஒருக்காப் படலையாலை வந்திருக்கலாம்."

இவர் வெறும் பானையைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். நான் அன்றைக்கும் சொன்னேன், அடுத்த நாளும் சொன்னேன்: இன்னும் நாள் இருக்கிறது, ஒருதரம் போய்விட்டு வாருங்கோ என்று. நாளைக்கு, நாளைக்கு என்றார். பொங்கலும் வந்து போனது. அக்காவும் அத்தானும் வீட்டைப் பூட்டி, படலைத் திறப்பையும் சேர்த்துப் பொட்டால் என்னிடம் தந்துவிட்டு, படலைப் பூட்டை அமத்திக்கொண்டு வெளிக்கிட்டார்கள். இவர் அப்போதும் பொட்டடியில்தான் நின்றார், ஆட்டுக் கயிறுகளைக் கையில் பிடித்தபடி. கிளாலிக்குப் போகிற உழவு இயந்திரம் ஒழுங்கை திரும்பும்வரை நின்றார்.

மற்றக் கொப்பை இவர் வெட்டவில்லை. அந்த வருடம் தறையின் ஒரு ஓரத்தில் வெங்காயம் சரிவரவில்லை.

அடுத்த மார்கழியில் கூழ் காய்ச்சினேன். இறக்குகிற நேரத்தில் பிலாவிலை பிடுங்கித் தரச் சொன்னேன். இவர் உள்ளே போய்ச் சேட்டைப் போட்டார். கொடியில் கிடந்த சால்வையை எடுத்துத் தோளில் போட்டார். திறப்பை எடுத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தார்.

"எங்கை போறியள்? பொட்டு இஞ்சாலையெல்லோ?"

நான் பொட்டடிக்குப் போய்க் குனிந்து பார்த்தேன். ஒழுங்கையால் சுற்றி வந்து, படலையைத் திறந்து, அந்த முற்றத்தில் புல்லுக்குள் நின்றார். பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். சால்வை நனைந்தது.

"ஐயோ மனிசா, உந்த நடையைப் போன மார்கழியிலை நடந்திருக்கக் கூடாதோ!" என்று வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினேன். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

அவர் மரத்தடிக்கு வந்து இலைகளைப் பிடுங்கினார். குனிந்து பொட்டால் நீட்டினார்.

"கூழ் இறுகப்போகுது. இந்தாரும், பிடியும்."