எரிமலைக்கு மூச்சுப் பார்க்கிற வேலை

எரிமலை விடுகிற வாயுவை அளந்து, அது வெடிக்குமா வெடிக்காதா என்று சொல்வது எங்கள் தொழில். வெடிக்கும் என்றால் பயங்காட்டுகிறோம் என்பார்கள், பேசாமல் இருந்தால் சம்பளம் எதற்கு என்பார்கள். முன்கூட்டியே சொல்லவேண்டிய வேலையில் இருக்கிற யாருக்கும், வைத்தியரோ வானிலைக்காரரோ, இந்தப் பாடு தெரிந்திருக்கும்.

மொன்றியலில் ஏது எரிமலை என்று கேட்கப்போகிறீர்கள். ஆய்வுகூடம்தான் இங்கே. மலை மத்திய அமெரிக்காவில் இருக்கிறது. அதன் வாய் விளிம்பில் நாங்கள் வைத்த மஞ்சள் பெட்டியொன்று வாயுவை உறிஞ்சி, அளந்து, எண்களை எங்களுக்கு அனுப்பும். அந்தப் பெட்டியை அங்கே கவனித்துக்கொள்கிறவள் மரிசோல், என் வயதுக்காரி. வருடத்தில் சில தடவை நானும் போய் அவளோடு மலை ஏறுவேன்.

சலவை

முதல் பயணம் முடிந்து, மொன்றியலின் புறநகரான பியர்பொன்ட்ஸில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்தவுடன் கட்டிலில் விழுந்துவிட்டேன். பின்னேரம் அம்மா போட்ட கூச்சலில்தான் எழும்பினேன். மெஷினுக்குள் கையைக் கொடுத்துவிட்டாவோ என்று கீழே ஓடினால், அம்மா ஒரு ஸிப்பையும் இடுப்புப் பட்டியையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறா. அதிலே கொஞ்சம் நூல் தொங்கியது. அதுதான் என் ஜீன்ஸ். மிச்சமெல்லாம் மெஷினுக்குள் ஊறின கடதாசி மாதிரிக் கிடந்தது.

மலையின் புகையில் அமிலம் இருக்கிறது. பருத்தித் துணியில் அது ஊறிவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. தண்ணீர் பட்டுப் புரட்டியதும் துணி கரைந்து விழும். அதனால்தான் பழைய ஆட்கள் பொலியெஸ்டர் மட்டும் போடுகிறார்கள். எனக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை. முகமூடி போட்டிருந்தேன், பயமில்லை என்று அம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன். அவ அந்த ஸிப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தா.

"உடுப்புக்கே இந்தக் கெதியெண்டா, உள்ளுக்கு உனக்கு என்ன செய்திருக்கும், பிள்ளை?"

செத்த கன்றுகள்

மலைச் சரிவில் மாடு வளர்க்கிற எவுசேபியோ என்பவர் ஒருநாள் எங்கள் ஜீப்பை மறித்தார். அவருடைய கன்றுகள் ஒரு பள்ளத்தில் படுத்தபடியே செத்துக் கிடந்தன. காயமில்லை, நுரையில்லை. வேலித் தகராறில் பக்கத்துத் தோட்டத்து மச்சான்தான் நஞ்சு வைத்துவிட்டான் என்பது அவருடைய முடிவு. "நீங்கள் இரசாயனம் படிச்ச ஆக்கள்தானே? கன்றின்ர வயித்தை வெட்டிப் பாத்து அவன்ர பேரைச் சொல்லுங்கோ" என்றார்.

கன்றைக் கிட்டப் பார்ப்போம் என்று நான் பள்ளத்துக்குள் இறங்கிக் குனிந்தேன். இடுப்பில் இருந்த வாயுமானி கத்தத் தொடங்கியது. என்ன ஏது என்று நினைக்கமுதல் மரிசோல் என் சட்டைக் கொலரைப் பிடித்து இழுத்து மேலே போட்டாள். எனக்குத் தலை கிறுகிறுத்துக்கொண்டிருந்தது. அவள் ஒரு பேப்பரைச் சுருட்டிக் கொளுத்திப் பள்ளத்துக்குள் இறக்கிக் காட்டினாள். முழங்கால் உயரம் வந்ததும் நெருப்பு சட்டென்று அணைந்தது. நாங்கள் மூச்சில் வெளியே விடுகிற அதே காபனீரொட்சைட்டுத்தான். மலை அதை மண்ணுக்குள்ளால் விடுகிறது. காற்றைவிடப் பாரமானதால் பள்ளத்தில் தண்ணீர் மாதிரித் தேங்கிவிடும். நின்ற பசுக்கள் தப்பின, படுத்த கன்றுகள் போயின.

எவுசேபியோ நம்பவில்லை. தானே கொளுத்தி இறக்கினார். அணைந்தது. திரும்பக் கொளுத்தினார். திரும்ப அணைந்தது. பிறகு அப்படியே புல்லில் இருந்துவிட்டார்.

"நேற்றுக் கத்தியோட அவன்ர வீட்டு வாசல்வரைக்கும் போனனான். அவன்ர மகள் கதவைத் திறந்தபடியால் திரும்பி வந்திட்டன்."

பிறந்தநாள்

அந்த வாயுமானி சின்னது, பல நச்சு வாயுக்களை ஒன்றாகப் பார்க்கும். பழக்கதோஷத்தில் அது எப்போதும் என் கைப்பைக்குள் கிடக்கும். பக்கத்து ஊரான ரொக்ஸ்பரோவில் என் மச்சாளின் மகளுக்கு முதலாவது பிறந்தநாள். வெளியே பனிப்புயல், நிலக்கீழ் அறை நிறையச் சனம். பாட்டுச் சத்தத்தால் தலையிடிக்கிறது என்று நாலைந்து பேர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று என் பை அலறியது. "ஆரின்ர ஃபோன் அது?" என்று மச்சாளின் கணவர் ஜெயந்தன் அண்ணை கேட்டார்.

எடுத்துப் பார்த்தேன். காபன் மொனொக்சைட்டு. மணமுமில்லை, நிறமுமில்லை, ஆளைக் கொல்கிற வாயு. எரிமலையில்கூட நான் அப்படியொரு அளவைக் கண்டதில்லை. "எல்லாரும் வெளியில போங்கோ!" என்று கத்தினேன். சிரித்தார்கள். எரிமலையை இங்கேயும் கொண்டுவந்துவிட்டாயா என்று ஒருவர் பகிடி விட்டார். விளங்கப்படுத்த நேரமில்லை. பிறந்தநாள் பிள்ளையைத் தாயின் மடியில் இருந்து பறித்துக்கொண்டு படியேறி ஓடினேன். என்னை ஏசியபடி முழுச் சனமும் பின்னால் ஓடி வந்தது.

பட்டுச்சேலையோடும் காலில் ஒன்றுமில்லாமலும் பனிக்குள் நின்றோம். தீயணைப்புக்காரர்கள் வந்து பார்த்தால், வீட்டைச் சூடாக்குகிற உலையின் புகைக்குழாயைப் பனி மூடி அடைத்திருக்கிறது. வீட்டில் எச்சரிக்கைக் கருவி இருந்ததுதான். அதன் பட்டரியைக் கழற்றி விளையாட்டுக் காருக்குப் போட்டிருந்தார்கள். ஜெயந்தன் அண்ணை என் பக்கத்தில் வந்து நின்றார். அவருக்குப் பல்லுக் கிடுகிடுத்தது.

"ரோட்டு மோசமெண்டு, எல்லாரையும் இண்டைக்குக் கீழ் அறையிலேயே படுக்கச் சொன்னனான், தங்கச்சி."

மூடிய வாசல்

ஆழத்தில் புதுக் கற்குழம்பு மேலே ஏறத் தொடங்கினால் அதிலிருந்து முதலில் பிரிவது காபனீரொட்சைட்டு, பிந்தித்தான் கந்தக வாயு. ஆகவே கந்தகத்தோடு ஒப்பிடும்போது காபனீரொட்சைட்டுக் கூடினால் மலை வெடிக்கலாம் என்று எடுத்துக்கொள்வோம். ஒருமுறை அப்படிக் கூடியது. நாங்கள் சொன்னோம், மலையைச் சுற்றியிருக்கிற தேசியப் பூங்காவைப் பூட்டினார்கள். மலையோ பூனை மாதிரிப் படுத்திருந்தது. திரும்பத் திறந்த அன்று நான் அங்கே போயிருந்தேன். சுற்றுலா வான் ஓட்டுகிற ஒருவர் வாசலில் என்னை நிறுத்திக் கேட்டார்.

"உங்கட பெட்டிக்கு மலையைப் பிடிக்கேல்லையா, இல்லாட்டி எங்களைப் பிடிக்கேல்லையா?"

தக்காளிக் கூடை

அதற்குப் பிறகு வந்த கோடையில் ஒரு சனிக்கிழமை, அம்மாவோடு ஜான்-டலோன் சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டு நின்றேன். கைபேசி அதிர்ந்தது. பெட்டி அனுப்பிய எண்கள். அதே ஏற்றம்தான், ஆனால் போனமுறையைவிடப் படுவேகம். அன்றைக்கு மரிசோல் பெட்டியின் வடிகட்டியை மாற்ற வேறு இரண்டு பேரோடு மலை ஏறுகிறாள் என்பது எனக்குத் தெரியும். உடனே அவளுக்கு ஃபோன் எடுத்து இறங்கச் சொன்னேன். மூச்சு வாங்கியபடி கதைத்தாள்.

"பெட்டி கண்ணுக்குத் தெரியுது. மாத்திப்போட்டு இறங்கிறம். போனமுறையும் நீ இப்பிடித்தானே சொன்னனி?"

எனக்கு ஆங்கிலமும் வரவில்லை, ஸ்பானிஷும் வரவில்லை. "இறங்கடி! இறங்கு!" என்று தமிழில் கத்தினேன். சந்தையே திரும்பிப் பார்த்தது. தொடர்பு அறுந்தது.

மலையின் கமெராப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். வெள்ளைப் புகை போய்க்கொண்டே இருந்தது. இந்தமுறையும் பிழை விட்டேனோ என்று நினைக்கத் தொடங்கினேன். அந்த நேரம் பார்த்து வெள்ளைக்குள் இருந்து கறுப்பாக ஒன்று கிளம்பி நிமிர்ந்தது. படம் அப்படியே உறைந்தது. பெட்டியின் எண்களும் நின்றன. திரும்பத் திரும்ப மரிசோலுக்கு அடித்தேன், பதிலில்லை. "மதாம், தக்காளி எடுக்கிறீங்களா?" என்று கடைக்காரர் பிரெஞ்சில் கேட்டது எங்கேயோ தூரத்தில் கேட்டது. அம்மா என் கையில் இருந்த கூடையை வாங்கி வைத்துவிட்டு, ஒரு பழப்பெட்டியைக் கவிழ்த்து அதில் என்னை இருத்தினா. முதுகைத் தடவிக்கொண்டே நின்றா.

சனம் வந்தது, போனது. கடைசியில் கைபேசி அடித்தது. முதலில் இருமல். பிறகு மரிசோலின் குரல். தமிழ் விளங்காவிட்டாலும் என் கத்தலைக் கேட்டுத் திரும்பி, மூன்று பேரும் பாதி வழியில் இருக்கிற கொங்கிறீட் பதுங்கிடத்துக்குள் ஓடிப் புகுந்திருந்தார்கள். கூரையில் கல் விழுகிற சத்தம் எனக்கும் கேட்டது. நான் அழுதேன். அவளும் அழுதாள் என்றுதான் நினைக்கிறேன். பிறகு சொன்னாள்:

"பெட்டி இருந்த இடத்தில இப்ப பெட்டியும் இல்லை, இடமும் இல்லை."

இத்தனைக்கும் பிறகு, மலை அடங்கியதும் புதுப் பெட்டி வைக்க யார் போகிறீர்கள் என்று கூட்டத்தில் கேட்டபோது நானும் மரிசோலும் ஒரே நேரத்தில் கை தூக்கினோம் என்றால், அடுத்ததாகப் பரிசோதித்துப் பார்க்க வேண்டியது மலையை இல்லை, எங்கள் இரண்டு பேரின் மூளையைத்தான்.