ஊர் எது என்று கேட்டவன்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் கண்டியில் ஒரு அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்தேன். வாக்காளர் இடாப்பில் பெயர் சேர்க்கத் தோட்டங்களுக்குப் போகும் அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. அவர் இங்கிலீஷில் கேட்பதை நான் தமிழில் கேட்டு, பதிலை இங்கிலீஷில் எழுத வேண்டும். என் அப்பா புசல்லாவையில் லயத்தில், தோட்டக் கூலிகளின் வரிசை வீட்டில், பிறந்தவர். பாதிரியார் பள்ளிக்கூடம் என்னைச் சப்பாத்து போட வைத்தது, அவ்வளவுதான். அந்தச் சப்பாத்தின் மேல் எனக்கிருந்த மதிப்பை இப்போது நினைத்தால் எரிச்சல் வருகிறது.

எனக்கு ஒரு சிங்கள நண்பன் இருந்தான். பேராதனைப் பக்கத்து ஆள், ஓவியன். பள்ளிக்கூடமொன்றில் சித்திரம் படிப்பித்துக்கொண்டு, மற்ற நேரமெல்லாம் தோட்டத்து ஆட்களையே வரைந்துகொண்டிருந்தான். அவனுடைய வீட்டாருக்கு அது பிடிக்கவேயில்லை. வெள்ளைக்காரனிடம் அவர்களுடைய காணி பறிபோன இடத்தில்தான் அந்தத் தேயிலை நின்றது. அதில் கொழுந்து பறிப்பவர்களின் முகத்தை அவன் ஏன் வரைய வேண்டும் என்று அவனுடைய அண்ணன் பேச்சையே நிறுத்திவிட்டார். இவன் சிரித்துவிட்டு வரைந்துகொண்டேயிருந்தான்.

ஒருநாள் கலஹாவில் ஒரு தோட்டத்துக்கு என்னோடு பஸ்ஸில் வந்தான். பெரட்டுக் களத்தில், காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற அந்த இடத்தில், மேசை போட்டிருந்தார்கள். அதிகாரி ஒரு கதிரையில், நான் ஒரு கதிரையில். நண்பன் ஒரு கல்லில் உட்கார்ந்து வரையத் தொடங்கினான். நிரந்தர இருப்பிடம் எது என்று கேட்கச் சொன்னார் அதிகாரி.

"உங்க ஊர் எது?" என்றேன்.

கூடையை இறக்கி வைத்த ஒரு அம்மா, "தொறையூர் பக்கங்க" என்றாள்.

துறையூர், இந்தியா என்று எழுதினேன். இங்கே நிரந்தரமில்லை, வோட்டு இல்லை. அவளுக்குப் பின்னால் நின்றவர்களும் முசிறி, நாமக்கல் என்றே சொன்னார்கள். மத்தியானத்துக்குள் முக்கால்வாசிப் பேர் இடாப்பில் இல்லாமல் போனார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் நண்பன் கேட்டான்.

"மச்சான், அந்த அம்மா தொறையூர் பாத்திருக்கா?"

"எங்க பாக்கிறது? அவ அம்மாவே இங்கதான் பொறந்திருப்பா."

"அப்ப ஏன் அப்பிடி சொன்னா?"

"எங்க ஆளுங்க அப்பிடித்தான். நாங்க இருக்கிறது தோட்டம். ஊருன்னா அது அங்க."

"அது ஒனக்குத் தெரியுந்தானே?"

தெரியும். யாராவது கேட்டால் நானும் முசிறி என்றுதான் சொல்வேன். முசிறி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. எங்கே பிறந்தீங்க, எங்கே இருக்கப் போறீங்க என்று கேட்டிருந்தால் அத்தனை பேரும் அந்தத் தோட்டத்தையே சொல்லியிருப்பார்கள். முதல் ஆள் வாய் திறந்தபோதே இது எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் கேள்வியை மாற்றினால் ஏன் என்று அதிகாரி கேட்பார், நானும் லயத்து வம்சம் என்பது வெளியே வரும். வாயை மூடிக்கொண்டு எழுதினேன்.

சில மாதங்களில் படம் முடிந்தது. மேசை, கூடை, வாய் திறந்தபடி அந்த அம்மா, குனிந்து எழுதும் நான். அச்சு அசல் நான்தான். கண்டியில் ஒரு மண்டபத்தில் மாட்டப் போகிறேன் என்றான். நம் சனம் என் முகத்தில் காறித் துப்பும்.

"என் மூஞ்சிய மட்டும் எடுத்துடு மச்சான்."

"எடுத்தா அந்தக் கதிரையில யார வைக்க?"

"யாரயாவது வை."

கண்காட்சியன்று போய்ப் பார்த்தேன். என் கதிரையில் அவனே உட்கார்ந்திருந்தான். கண்ணாடியைப் பார்த்துத் தன் முகத்தையே வரைந்திருக்கிறான். எனக்குப் பெரிய நிம்மதி. அதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

எங்கள் இருவருக்கும் தெரிந்த, ஆனால் நான் தோட்டத்தில் எழுதப் போனது தெரியாத யாழ்ப்பாணத்து வாத்தியார் ஒருவர் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பாத்தீரோ, சிங்களவர் செய்த அநியாயத்தைத் தன்ர முகத்தையே போட்டு ஒத்துக்கொண்டிட்டார். ஒரு தமிழன் அந்தக் கதிரையில இருந்திருந்தால் இப்பிடி எழுதியிருப்பானோ?"

நண்பன் என் பக்கத்திலேயே நின்றான். அவனுக்குத் தமிழ் நன்றாக விளங்கும்.

"எழுதியிருக்க மாட்டான்" என்றேன்.