மச்சானுக்குப் போட்ட நாலு அடி

என் அறைக் கதவுக்குப் பின்னால் ஒரு மெத்தை வாள் தொங்குகிறது. ஜப்பானிய விளையாட்டு வாள். அடித்தால் எலும்பு முறியாது, தோல் எரியும். இது நடுவில் வளைந்திருக்கிறது. வளைத்தவன் நான்தான்.

மச்சான் என் மனைவியின் தமையன். கொழும்பில், கொட்டாஞ்சேனையில் இருந்தார், துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை. வீட்டுக்குச் சொல்லாமல் அவருடைய தங்கையைக் கட்டிய கிழமையே, பஸ் நிற்கும் இடத்தில் வைத்து என்னைக் கன்னத்தில் அறைந்தார். சனம் பார்த்துக்கொண்டு நின்றது. ஐந்தாம் வகுப்போடு தையல் கடைக்குப் போனவன் நான். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் எழும்பாது. பதினொரு வருடம் நாங்கள் கதைக்கவில்லை.

வெள்ளவத்தையில் இந்த விளையாட்டில் சேர்ந்தது முகக்கவசத்துக்காகத்தான். அதைப் போட்டால் என் கூச்சம் யாருக்கும் தெரியாது. குழுச் சண்டையில் ஐந்து பேரும் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் மோதுவோம். நடுவரால் எல்லோரையும் பார்க்க முடியாது. அடி பட்டவன் தானே கையை உயர்த்தி, "பட்டிட்டுது" என்று கத்திவிட்டு வெளியேற வேண்டும்.

கொட்டாஞ்சேனை அணியோடு மோதிய அன்று எதிரில் மச்சான் நின்றார்; அவரும் இதை விளையாடுவது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. "என்ன தையல்காரர், ஊசியும் கொண்டு வந்தனீரோ?" என்று சிரித்துவிட்டுக் கவசத்தை மாட்டினார். மற்றவர்கள் ஒவ்வொருவராக வெளியேற, நாங்கள் இருவர் மிஞ்சினோம். அவருடைய வாள் என் தொடையில் சுளீரென்று விழுந்தது. பட்டது எனக்குத் தெரியும். கையை உயர்த்தாமல் அவருடைய தோளில் ஓங்கி அடித்தேன். உடனே, "பட்டிட்டுது!" என்று கத்தி வாளைத் தாழ்த்தினார். நான் நிறுத்தவில்லை. கவசம் மூடாத காதில், கழுத்தில், தலையில், மறுபடி தலையில். நாலாவது அடியில் வாள் வளைந்தது. மச்சான் முழங்காலில் விழுந்தார். மூச்சு விடுமுன் எல்லாம் முடிந்ததால், வேகத்தில் நடந்தது என்று விட்டுவிட்டார்கள்.

வெற்றி எங்களுக்கு என்றார்கள். வரிசையில் நின்றபோது, வீங்கிச் சிவந்த காதோடு மச்சான் எனக்கு முறைப்படி தலை குனிந்தார். என் கை தானாக எழும்பியது. "எனக்குத்தான் முதல் பட்டது."

"கொஹேத?" நடுவர் சிங்களத்தில் எங்கே என்று கேட்டார். தொடையைக் காட்டினேன். வெற்றி மறுபக்கம் போனது.

"விசரா, வாயே திறக்காதவன் இண்டைக்கோ திறக்கிறாய்?" எங்கள் கப்டன் பல்லைக் கடித்தார்.

மச்சான் மட்டும் சிரித்தார். "ஐசே, அப்பவே சொல்லியிருந்தா என்ர காது தப்பியிருக்கும்."

அன்று பின்னேரம் முதல்முறையாக எங்கள் வீட்டுக்கு வந்தார். மனைவி அவருடைய காதில் ஐஸ் வைத்தாள். "ஆர் அண்ணா அடிச்சது?" என்று கேட்டாள்.

"விளையாட்டில பட்டது."

நான் தேத்தண்ணிக் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினேன்.

போன வருடம் மச்சான் மாரடைப்பில் போய்விட்டார். நான் இன்றும் புது வாளோடு விளையாடப் போகிறேன். அடி பட்டால் எல்லோருக்கும் முந்திக் கத்துகிறேன். பட்டவன் சொல்ல அங்கே ஒரு சொல் இருக்கிறது. அடித்தவன் சொல்ல அப்படி ஒரு சொல் இல்லை. அந்த நாலு அடியைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"கதவுக்குப் பின்னால கிடக்கிற அந்தப் பழசை எறியுங்கோவன்" என்கிறாள் மனைவி. அது எதில் வளைந்தது என்று அவளுக்கு இன்னும் தெரியாது.