மிதி என்றதும் அசைந்த கால்

போன மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காஞ்சிபுரம் போய் வந்தேன். கோயிலுக்கோ பட்டுப் புடவைக்கோ இல்லை. கண்புரை அறுவை பழகும் இளம் மருத்துவர் ஒருவருக்குத் தேர்வு வைக்க. கண் மருத்துவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருடமான என்னை ஏன் கூப்பிட்டார்கள் என்று புரியவில்லை. மறுக்கவும் தைரியம் வரவில்லை. மதிப்பெண் படிவத்தை நான்கு முறை படித்துவிட்டுக் கிளம்பினேன். இப்படிக் கிராமத்து மருத்துவமனைகளுக்குத் தேர்வாளராகப் போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

பூந்தமல்லியில் காலை 6.10க்குப் பேருந்து ஏறினால் 7.50க்குக் காஞ்சிபுரம். மருத்துவமனை திருப்புட்குழி போகும் வழியில், பன்னிரண்டு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு முந்நூறு ரூபாய்.

“கண்ணாஸ்பத்திரியா? ஆபரேசனா சார்?” என்றார் ஓட்டுநர்.

“இல்லைப்பா, ஒரு பரீட்சை.”

“இந்த வயசுலயா?” கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “பயப்படாம எழுது சார், பாஸாயிடுவ.”

பயம் இருந்தது உண்மைதான்.

மருத்துவர் கீதா ஆறு மாதத்துக்கு முன் இதே தேர்வில் தோற்றவர். தேறினால் மறுநாளிலிருந்து தனியாக அறுவை செய்யலாம். இல்லையென்றால் இன்னும் ஆறு மாதம் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியதுதான். படிவத்தில் தடித்த எழுத்தில் ஒரு வரி: தேர்வாளர் வாய் திறந்து குறுக்கிட்டால் தோல்வி.

நோயாளி முனுசாமி, சின்ன காஞ்சிபுரத்து நெசவாளர். கண் மட்டும் மரத்திருந்தது. ஆள் முழு விழிப்பில் இருந்தார்.

9.40க்குத் தொடக்கம். முதல் வெட்டு அவ்வளவு சுத்தம். என் விரல்களே துறுதுறுத்தன. அப்போது பச்சைத் துணிக்கடியில் முனுசாமியின் வலது கால் அசைந்தது. கூடவே தலையும் மயிரிழை நகர்ந்தது. மைக்ரோஸ்கோப்பில் மயிரிழை என்பது பெரிய தூரம். சற்று நேரத்தில் மறுபடியும் அசைந்தது. மூன்றாம் முறை கருவி கண்ணுக்குள் இருந்தது. பேசினால் அந்தப் பெண் தோற்பார். பேசாவிட்டால் கண் போகலாம். வாயைத் திறந்தே விட்டேன். குரல் வருவதற்குள் கீதா கருவியை வெளியே எடுத்து, கையை விலக்கிக்கொண்டார்.

“ஐயா, கால் வலிக்குதா?”

“இல்லமா. நீதான மிதி, மிதின்னு சொல்லிக்கினு இருக்க. அதைக் கேட்டா கால் தானா தறிக்குப் போவுது.”

தறியில் இருப்பதுபோலவே, மைக்ரோஸ்கோப்பைச் சரிசெய்ய மருத்துவரின் காலடியிலும் ஒரு மிதிகட்டை உண்டு. அதை அழுத்தும்போதெல்லாம் கீதா தனக்குத்தானே ‘மிதி’ என்று முணுமுணுத்திருக்கிறார். என் காதிலும் விழுந்ததுதான், எனக்கு உறைக்கவில்லை.

“அது என் காலுக்குச் சொன்னதுங்க. உங்க தறிக்கு இன்னிக்கு லீவு.”

“அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னாமா?”

நர்ஸின் முகக்கவசம் சிரிப்பில் குலுங்கியது. அதன்பின் கீதாவின் உதடு அசையவில்லை. முனுசாமியின் காலும் அசையவில்லை. 10.05க்கு லென்ஸ் கச்சிதமாக உட்கார்ந்தது. எனக்குக் கைதட்டத் தோன்றியது. அதற்கும் படிவத்தில் தடை இருக்குமோ என்று சும்மா இருந்தேன்.

மதிப்பெண் போட இருபது நிமிடம் தடுமாறினேன். முணுமுணுத்ததற்கு ஒன்றைக் குறைத்தேன். நிறுத்திவிட்டுக் கேட்டதற்கு முழுசாகக் கொடுத்தேன். தேறிவிட்டார்.

“ஒரு மார்க் எங்க சார் போச்சு?”

“உங்க வாயில போச்சும்மா.”

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்: எட்டரைக்குள் சேர்ந்துவிடுங்கள். கழற்ற எளிதான செருப்பு போதும். திரும்ப ஆட்டோ கிடைப்பது கஷ்டம். வந்தவரையே காத்திருக்கச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் முன், நோயாளி என்ன வேலை செய்கிறவர் என்று கேளுங்கள். படிவத்தில் அதற்கு இடமில்லை. நான் ஓரத்தில் பேனாவால் ஒரு கட்டம் போட்டு, ‘நெசவு’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.