எங்கள் வீட்டு ஐந்தெழுத்து

என் கணவர் கோயிலுக்குப் போவது வருடத்தில் ஒரு நாள், தேருக்கு. அதுவும் நான் கரைச்சல் கொடுத்தால்தான். ஆனால் காலையில் முகம் கழுவியதும் ஐந்தெழுத்தைத் தேடாமல் அவர் இருந்ததில்லை. இது ஆங்கில ஐந்தெழுத்து. கைபேசியில் ஐந்து கட்டங்கள் வரும். ஐந்து எழுத்துள்ள ஓர் ஆங்கிலச் சொல்லை ஊகித்து நிரப்ப வேண்டும். எழுத்து சரியான இடத்தில் விழுந்தால் பச்சை, இடம் மாறி விழுந்தால் மஞ்சள். துறைமுகத்தில் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்த மனிதர், ஆங்கிலம் நன்றாக வரும். பிளேன்டீ ஆறிப் பச்சைத் தண்ணீராகும் வரை கதிரையை விட்டு எழும்ப மாட்டார்.

"இஞ்சருங்கோ, தேங்காய் உரிக்க வேணும், ஒருக்கா வாங்கோ" என்று குசினியிலிருந்து கூப்பிடுவேன்.

"இஞ்சரும், ஏ எழுத்தும் ஆர் எழுத்தும் விழுந்திட்டுது, கொஞ்சம் பொறும்" என்பார்.

இன்னின்ன எழுத்துகள் உள்ள ஐந்தெழுத்துச் சொற்கள் எவை என்று கேட்டால், கருத்தோடு அடுக்கித் தரும் பக்கங்கள் இணையத்தில் இருக்கின்றன. ஒரு நாள் அதை எடுத்துக் காட்டினேன். "அது களவு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். விளையாட்டிலும் பெரிய நீதவான்!

போன மாரியில் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. கையும் காலும் மெல்ல மெல்லத் திரும்பின. பேச்சு மட்டும் திரும்பவில்லை. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுப்பவள் கிண்ணியா ஊர் முஸ்லிம் பிள்ளை, நல்ல பொறுமைசாலி. அவருக்குப் படங்களைக் காட்டினாள். பூனை, கதவு, குடை என்று தட்டுத்தடுமாறிச் சொன்னார். பிறகு என்னைக் காட்டினாள்.

"ஐயா, இவங்க ஆர்? பேரைச் சொல்லுங்க பாப்பம்."

அவர் என்னைப் பார்த்தார். நிலத்தைப் பார்த்தார். அவள் திரும்பத் திரும்பக் கேட்டும் வாய் திறக்கவில்லை.

"பரவாயில்லம்மா, சில பேருக்கு வீட்டாக்கள்ர பேர் கடைசியாத்தான் வரும்" என்றாள்.

குடையைத் தெரிகிறது, என்னைத் தெரியவில்லையா? ஓட்டோவில் வீடு வரும்வரை அழுதேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். யாரென்று தெரியாத ஒருத்தியின் கையை எதற்குத் தட்டுகிறார் என்று அதற்கும் கோபம் வந்தது.

விருப்பமான வேலையோடு சேர்த்துச் சொற்களைப் பழக்கும்படி அந்தப் பிள்ளை சொல்லியிருந்தாள். அதனால் அவர் களவு என்ற அதே பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். எழுத்தையும் கருத்தையும் நான் சொல்ல, சொல்லை அவர் சொல்ல வேண்டும்.

"ஐந்தெழுத்து. ஏயும் ஆரும் இருக்குது. கப்பல்ல ஏத்துற சாமான்."

"கா... கார்கோ."

"பாரம் தூக்கிற மெசின்?"

"கிரேன்."

சந்தோசம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பொறாமையும் வந்தது. துறைமுகத்துச் சாமான்கள் எல்லாம் ஒவ்வொன்றாக அவர் வாய்க்குத் திரும்பிக்கொண்டிருந்தன, நான் மட்டும் வரவில்லை. "இவ்வளவு காலமும் உங்களுக்குச் சோறு போட்டது நானோ கிரேனோ?" என்று கேட்டேன். கோணல் வாயால் சிரித்தார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஒரு நாள் காலை ஒரு சொல் வரவேயில்லை. கப்பல் வந்து கட்டும் இடம், அதே ஏயும் ஆரும். நாள்தோறும் அங்கே நடந்து திரிந்த மனிதருக்கு அது வராததில் பொல்லாத கோபம், கதிரைக் கையில் குத்தினார். அந்த நேரம் பார்த்து மீன்காரத் தம்பியின் ஹோன் கேட்டது. அவரை விட்டுவிட்டுப் படலைக்குப் போனேன். பாரை மீனின் செவுளைக் கிளப்பிப் பார்த்து, "இது நேற்றையான் மீன், எனக்குக் கதை விடாத" என்று சண்டை பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இஞ்சரும்!"

"வாறன், பொறுங்கோ! ஒரு மீன் வாங்க விடமாட்டியள்!" என்று திரும்பிப் பாராமலே கத்தினேன்.

மீன்காரத் தம்பி கத்தியும் கையுமாக அப்படியே நின்றான். "அக்கா... அண்ணையெல்லோ கூப்பிட்டவர்!"

ஐயோ கடவுளே! செதிள் ஒட்டிய கையோடு உள்ளே ஓடினேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"வா... வார்ஃப்" என்றார், பெரிய வெற்றியோடு.

"வார்ஃபும் மண்ணாங்கட்டியும்! முதல் சொன்னதைச் சொல்லுங்கோ!"

எதைக் கேட்கிறேன் என்று அவருக்கு விளங்கவில்லை. நான் அவர் காலடியில் நிலத்திலேயே குந்திவிட்டேன். அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. கலியாணம் கட்டிய நாள் தொட்டு இந்த மனிதர் என் பெயரைச் சொன்னதேயில்லை, எப்போதும் 'இஞ்சரும்'தான். அக்கம்பக்கத்தில் யார்தான் பெண்சாதி பெயரைச் சொன்னார்கள்? ஆஸ்பத்திரியில் அவரைச் சேர்த்த அன்று பெயர் கேட்டபோது, நானும் வாய் திறக்காமல் அவருடைய அடையாள அட்டையைத்தானே நீட்டினேன்! மனிதர் என்னை மறக்கவில்லை. ஒரு குமர்ப்பிள்ளைக்கு முன்னால் பெண்சாதியின் பெயரைச் சொல்ல வெட்கப்பட்டிருக்கிறார். அதற்கு நான் எத்தனை நாள் தலையணையை நனைத்தேன், விசரி.

அடுத்த கிழமை அந்தப் பிள்ளை மறுபடியும் என்னைக் காட்டி, "இவங்க ஆர், ஐயா?" என்று கேட்டாள். அவர் மறுபடியும் நிலத்தைப் பார்த்தார்.

"கொஞ்சம் பொறுங்கோ, மகள்" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனேன். கதவுத் திரைக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே கதிரை அசைந்தது. அவர் என்னைத் தேடுகிறார்.

"இஞ்சரும்... இஞ்சரும்!"

திரையை விலக்கிக்கொண்டு வந்தேன். அந்தப் பிள்ளை என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எங்கட வாப்பாவும் உம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. எனக்கு இது விளங்கல்லையே!" என்றாள்.

"எழுதுங்கோ, மகள்" என்றேன். "ஐந்தெழுத்து. அதுதான் என்ர பேர்."